ஒற்றைக் கை வணக்கம்

என் செல்லத் தம்பி சவரி,

நீ இருக்கும் இடத்தில் கம்பியும் மணலும் இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் இந்நேரம் சிறகு முளைத்த இரண்டு சம்மனசுகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பழக்கிக்கொண்டிருப்பாய். இங்கே அம்மா சுகம். முழங்கால்தான் மடங்க மாட்டேன் என்கிறது. பூசையில் எல்லோரும் முழந்தாளிடும்போது தான் மட்டும் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறதே என்று என்னை முறைக்கிறாள், ஏதோ நான்தான் அவள் காலைக் கட்டிப்போட்ட மாதிரி. பூசை இப்போது முழுக்கத் தமிழிலேயே நடக்கிறது. அம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. புரிகிறதாம், அதனால் பக்தி வர மாட்டேன் என்கிறதாம். ஆட்சி மாறிவிட்டது. அரிசிக் கடை க்யூ மட்டும் அப்படியே இருக்கிறது.

இது உனக்கு இரண்டாவது கல்லறைத் திருநாள். அப்பாவுக்கும் உனக்கும் சேர்த்து ஒரே மாலையாக வாங்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை. ஏற்ற ஏற்ற அணைந்தது. அம்மா கடைசியில் வர்த்தியைப் பெட்டியிலேயே வைத்து, "அவன் எப்பவும் இப்படித்தான், ஒரு இடத்துல நிக்க விடமாட்டான்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லூரிப் பழைய மாணவர் மலருக்கு உன்னைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். பிறப்பு, படிப்பு, சாதனை, நற்பண்பு எல்லாம் வருகிற மாதிரி எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். 'உயர்திரு சவரிமுத்து அவர்கள்' என்று முதல் வரியை எழுதியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு ஒழுகிக்கொண்டு என் இடுப்பில் திரிந்தவனுக்கு உயர்திருவா? கட்டுரை வேண்டாம், உனக்கே எழுதிவிடுகிறேன் என்று தோன்றியது. படிக்கிறவர்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொள்ளட்டும். அவர்கள் படித்தே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அது தெரிந்ததும் நீ என்மேல் கோபப்படுவாய். படு. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நீ சாம்பியன் ஆன நாளை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்போது நீ பி.ஏ. கடைசி வருஷம். நான் பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிது. யூனிவர்சிட்டிப் போட்டி அந்த வருஷம் நம் ஊரிலேயே நடந்தது. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கோவிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அம்மா வரவில்லை. நீ ஒருநாள் உள்ளங்கையில் வெள்ளைப் பொடியோடு வீட்டுக்கு வந்து நின்றதிலிருந்தே அவளுக்கு அந்த விளையாட்டைப் பிடிக்காது. "பங்குச் சாமியார் பாத்தா என்ன நெனைப்பாரு, விபூதியை அப்பிக்கிட்டு வந்து நிக்கிற" என்று உன் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கழுவிவிட்டாள்.

ஹாரிஸாண்டல் பாரில் நீ ஏறினாய். வீட்டில் நாம் அதைக் கம்பி என்றுதான் சொல்வோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு முழு வட்டமாக நீ சுற்றியபோது நான் கண்ணை மூடி மூடித் திறந்தேன். அப்பா மட்டும் இன்ஜின் சக்கரத்தைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கவனித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கையை விட்டு, காற்றில் ஒரு கரணம் போட்டுத் தரைக்கு வந்தாய். கால் வழுக்கியது. தோள் போய்த் தரையில் மோதிய சத்தம் முன்வரிசைவரை கேட்டது. காறை எலும்பு போய்விட்டது என்று எனக்கு அங்கேயே தெரிந்தது.

ஆனால் நீ எழுந்து நின்றாய். எழுந்து, காலைச் சேர்த்து வைத்து, வணக்கத்துக்குக் கையைத் தூக்கினாய். இரண்டு கையையும் தூக்க வேண்டும். இடது கை வரவில்லை. வலது கையை மட்டும் உயரத் தூக்கி, நடுவர்கள் பேனாவைக் கீழே வைக்கும்வரை சிரித்தபடி நின்றாய். நீ அதற்கு முன்பே எல்லோரையும் தாண்டிப் போய்விட்டிருந்ததால், விழுந்ததற்குக் குறைத்த புள்ளிகள் போகவும் உனக்குத்தான் முதலிடம். அந்த நிமிஷத்தில் யாரோ எடுத்த போட்டோதான் இன்றும் நம் வீட்டுக் கூடத்தில், திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

நீ சென்னைக்குப் போய் டிரெயினிங் முடித்து, அதே கல்லூரிக்கே ஜிம்னாஸ்டிக்ஸ் மாஸ்டராக வந்தாய். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. உன்னிடம் பழகிய பிள்ளைகள் ஒவ்வொருவனும் வித்தையை முடித்ததும் வலது கையை மட்டும் தூக்கி வணக்கம் சொன்னான். போட்டோவைப் பார்த்து, அதுதான் சாரோட ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள். எலும்பு முறிந்த கதை அவர்களுக்குத் தெரியாது. மதுரைக்குப் போட்டிக்குப் போனாலும், கோயமுத்தூருக்குப் போனாலும், ஒற்றைக் கையைத் தூக்கினால் அது திருச்சிக்காரன் என்று ஆகிவிட்டது. ஏன்டா சொல்லித் தொலைக்கக் கூடாது என்று நான் கேட்டதற்கு, "நல்லாத்தானேக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

அதோடு உன் சட்டமும் ஒன்று இருந்தது. விழுந்தவன் மணலில் படுத்திருக்கக் கூடாது. "முதல்ல எழுந்து நின்னு வணக்கம். வலியெல்லாம் அதுக்கப்புறம்." தானாக எழுந்திருக்க முடியாதவனை இரண்டு பேர் ஓடிப்போய் அக்குளில் தோள் கொடுத்துத் தூக்கி நிறுத்துவார்கள். இன்னொருவன் அவன் வலது கையை உயர்த்திப் பிடிப்பான். எல்லோரும் கை தட்டுவார்கள். அழுதுகொண்டு கிடந்தவன்கூட அந்தக் கைதட்டலில் சிரித்துவிடுவான். காவிரியிலிருந்து வண்டி வண்டியாக வந்து கொட்டிய அந்த மணலில், உன் காலத்தில் யாரும் ஒரு நிமிஷத்துக்கு மேல் கிடந்ததில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது, சவரி. ஆபரேஷன் முடிந்து கட்டிலை விட்டு இறங்கப் பயப்படுகிறவர்களிடம் உன் சட்டத்தை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

நீ விழுந்த அந்தச் சாயங்காலம் நான் அங்கே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சௌந்தர் சொன்னதுதான்.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சௌந்தரராஜன் ஸ்ரீரங்கத்துப் பிள்ளை. வடக்குச் சித்திரை வீதியில் வீடு, அப்பாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் வேலை. உன்னிடம் பழகியவர்களிலேயே நீ வாய்விட்டுப் பாராட்டிய ஒரே ஆள். படிப்பு முடிந்து அதே கல்லூரியில் பிசிக்ஸ் லேபில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் சாயங்காலமானால் கம்பியடியில்தான் இருப்பான்.

காலேஜ் டே நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பியிலிருந்து இறங்குவதில் ஒரு பையன் தடுமாறினான் என்று, நீயே ஏறிச் செய்து காட்டினாய். கை சற்று முன்னதாகவே விட்டுப்போயிற்று. நார் மெத்தையைத் தாண்டி, பிடரி அடிபட மணலில் விழுந்தாய். யார்மேலும் தப்பில்லை. கம்பி சரியாக இருந்தது, மணல் சரியாக இருந்தது, பொடியும் கையில் இருந்தது. விழுந்த நீ கண்ணைத் திறந்து, "தூக்கி நிறுத்துங்கடா" என்றாய்.

தூக்கி நிறுத்தினார்கள். வலது பக்கம் தோள் கொடுத்தவன் சௌந்தர். உன் கையை உயர்த்திப் பிடித்தவனும் அவன்தான். எல்லோரும் கை தட்டினார்கள். உன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, நீ விளையாட்டுக் காட்டுகிறாய் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்களாம்.

டாக்ஸியில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். நான் பெண்கள் வார்டிலிருந்து ஓடி வந்தபோது, பின்சீட்டில் சௌந்தர் தோளில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாய். கழுத்தில் அடிபட்டவனைப் படுத்த நிலையிலிருந்து ஒரு நூல் அசைக்கக் கூடாது, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் பலகையோடுதான் எடுக்க வேண்டும் என்று எனக்குப் பாடத்தில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நீ உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்து, "அக்கா, கால் எங்க போச்சுன்னே தெரியல" என்றாய். இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கை ஓடாமல் போனது அன்றைக்குத்தான்.

பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, யார் தூக்கி நிறுத்தியது என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

அதன்பிறகு மழைக்காலம் வரை பாலக்கரை வீட்டில் படுக்கையில் கிடந்தாய். உன் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க உன்னைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டுமே, அதை நான்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். தலைக்கு ஒருவன், முதுகுக்கு ஒருவன், இடுப்புக்கும் காலுக்கும் ஒருவன். மூன்று பேரும் ஒரே மூச்சில், உடம்பு ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். என்ன அழகாகச் செய்தார்கள் தெரியுமா? எங்கள் வார்டில்கூட அப்படிச் செய்ய ஆள் கிடையாது. நீ, "ஆள்மேல ஆள் ஏறிப் பிரமிட் கட்டுறப்ப இந்த ஒத்துமை எங்கடா போச்சு" என்று அவர்களைக் கிண்டல் செய்தாய். தலையைப் பிடிப்பது எப்போதும் சௌந்தர். காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, லேபுக்குப் போகும் முன்பு நேரே இங்கே வந்து உனக்கு ஷேவ் செய்துவிட்டுத்தான் போவான். அவன் அம்மா கொடுத்தனுப்பிய கோயில் புளியோதரையை நம் அம்மா சிலுவை அடையாளம் போட்டுவிட்டுச் சாப்பிட்டாள்.

ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரத்தில், நீ அதைக் கேட்டாய். நான் உன் கால் விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். "அக்கா, தூக்காம விட்டிருந்தா நடந்திருப்பேனா?" என்றாய்.

உடனே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எண்ணெயைத் தடவிக்கொண்டே இருந்தேன். உனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"சரி விடு. தூக்கச் சொன்னது நான். பசங்ககிட்ட மட்டும் சொல்லிடாதே. சௌந்தர்கிட்ட சொல்லவே சொல்லாதே" என்றாய். சொல்ல மாட்டேன் என்று உன் தலையில் கை வைத்துச் சொன்னேன். மறுநாள் காலையில் அவன் வந்து உன் முகத்தில் சோப்பு நுரையைப் பூசியபோது, நீ எதுவும் நடக்காத மாதிரி அவனைக் கேலி செய்துகொண்டிருந்தாய். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

ஐப்பசி அடைமழையில் சளி கட்டியது. மூச்சு வாங்கியது. சாமியார் வந்து கடைசி எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசினார். அதற்குமேல் அதை எழுத எனக்கு முடியாது. அடக்கத்தன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன். மண் போட்டு முடிந்ததும் உன் பிள்ளைகள் அத்தனை பேரும் காலைச் சேர்த்து வைத்து நின்று, வலது கையை மட்டும் உயரத் தூக்கினார்கள். சாமியார் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். உன் காறை எலும்பு ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துப் பயந்துவிட்டாள்.

அடக்கம் முடிந்த சில நாட்களில் சௌந்தர் வந்தான். கல்லூரியில் உன் வேலையைச் சாயங்காலங்களில் அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பதில் சொல்லாமல் என்னிடம் வந்திருந்தான். வாசற்படியைத் தாண்டாமல் நின்றபடியே கேட்டான். "படுக்கையில திருப்பறதுக்கே அத்தனை ஜாக்கிரதை சொன்னேளே அக்கா. அன்னிக்கு நாங்க தூக்கினதாலயா?"

இல்லை என்றேன். விழுந்தபோதே முறிந்துவிட்டது, நீங்கள் தூக்கியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். அவன் விடவில்லை. கீழே கிடந்தபோது நீ குதிகாலால் மணலை உதைத்தாயாம். அவன் கண்ணால் பார்த்தானாம். தூக்கிய பிறகு அந்தக் கால் அசையவில்லையாம். எனக்கு அதுவரை அது தெரியாது, சவரி. அவன் சொல்லித்தான் தெரிந்தது. இருந்தும், அது வெறும் நரம்புத் துடிப்பு, கழுத்தறுத்த கோழிகூடக் கொஞ்ச நேரம் காலை உதைக்கும் என்று சொன்னேன். கோழி அறுப்பதைப் பார்த்திராத பிள்ளை. நர்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டான். நம்பி, மறுநாளே போய், கம்பியும் மெத்தையும் வைத்துப் பூட்டும் உன் ஷெட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான்.

உன் ஆசைப்படிதான் செய்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பொய்யைச் சொல்லிச் சௌந்தரைக் காப்பாற்றிவிட்டேன், சரி. ஆனால் உன் சட்டமும் அல்லவா அந்தப் பொய்யோடு சேர்ந்து பிழைத்துக்கொண்டது? முன்பு அது வெறும் பழக்கம். இப்போது அது உன் நினைவுச் சின்னம். முசிறியிலிருந்து உன் பழைய மாணவன் ஒருவன் வந்தான், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருக்கிறானாம். எங்க ஸ்கூல்லயும் விழுந்தவன படுக்க விடமாட்டோம்கா, சார் சொல்லிக் குடுத்த மாதிரியே தூக்கி நிறுத்திடுவோம் என்று பெருமையாகச் சொன்னான். காபி கொடுத்து அனுப்பினேன். வேறென்ன செய்வது? அவனிடம் சொன்னால் சௌந்தர் காதுக்குப் போகும். சொல்லாவிட்டால் எந்தப் பிள்ளை கழுத்துக்கோ ஆபத்து. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர், ஜெபித்துக்கொள் மகளே என்றார். ஜெபித்தேன். நர்ஸுக்கும் கை ஓடாமல் போகும் என்று ஆண்டவருக்குத் தெரியாதா என்ன?

போன மாதம் கல்லூரியில் உன் பெயரில் கோப்பை வைத்துப் போட்டி நடத்தினார்கள். கோப்பை கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். அம்மாவுக்குப் பட்டுப் புடவை கட்டி, ரிக்‌ஷாவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். ஷாமியானா போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஊரே கூடியிருந்தது. என் பக்கத்து நாற்காலியில் சௌந்தர். கொஞ்சம் சதை போட்டிருந்தான். முகத்தில் பழைய களை வந்திருந்தது. ஒவ்வொரு பையனும் முடித்து ஒற்றைக் கையைத் தூக்கும்போது, அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

கடைசியில் பி.யு.சி. படிக்கும் ஒரு சின்னப் பையன். நன்றாகத்தான் சுற்றினான். இறங்கும்போது தப்பிவிட்டது. மல்லாந்து விழுந்தான், எழுந்திருக்கவில்லை.

கூட்டம் ஒரு கணம்தான் அடங்கியிருந்தது. அடுத்த கணம் ஒலிபெருக்கியில் உன் பெயர் கேட்டது, சவரிமுத்து சாரின் மாணவர்கள் விழுந்து கிடப்பதில்லை என்று. எல்லோரும் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. சௌந்தர் ஓடிக்கொண்டிருந்தான்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. வார்டில் கத்துகிற குரலில் கத்தினேன். "தூக்காதே. சௌந்தர், தொடாதே. அவனைத் தூக்காதே." கைதட்டல் நின்றுவிட்டது. மணலில் விழுந்தடித்துப் போய் மண்டியிட்டு, அந்தப் பையன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். அவனுக்கு மூச்சுத்தான் அடைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "சிஸ்டர், எழுந்திருக்கலாமா?" என்று கேட்டான். கூடாது என்றேன். கால் விரலை ஆட்டு, கையை மடக்கு, இங்கே தொட்டால் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. எழுந்து நின்று, வெட்கத்தோடு ஒற்றைக் கையைத் தூக்கினான்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். சௌந்தர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். தூக்குவதற்காக நீட்டிய கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன. அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வருஷமாக வாயைக் கட்டியிருந்தேன் சவரி. ஒரு கத்தலில் எல்லாம் போயிற்று. கத்தாமல் இருந்திருக்க முடியுமா, சொல்? அந்தப் பையனின் கழுத்து நிஜமாகவே முறிந்திருந்தால்?

அதற்குப் பிறகு சௌந்தர் கம்பியடிக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். லேபுக்கு மட்டும் வந்துபோனானாம். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் டூட்டி முடிந்ததும் சத்திரத்தில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது அவனிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியாதப்பா, விழுந்த வேகத்திலேயே பாதி போயிருக்கும், டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. திருவானைக்காவல் தாண்டுவதற்குள் எனக்கே அந்தப் பேச்சு அலுத்துவிட்டது.

அவன் அம்மா, "உள்ள வாங்கோ" என்று கூப்பிட்டு, தன் கையாலேயே காபி கலந்து கொடுத்தார். "சரியாச் சாப்பிடறதே இல்லை. சாயங்காலமானா கொள்ளிடக்கரையில போய் உக்காந்துக்கறான். என்ன கேட்டாலும் பதில் இல்லை. உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டார். டம்ளரை வைத்துவிட்டு, கரைக்கு வழி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கொள்ளிடத்தில் அரைக்கரை தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்க மணலில் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்க்காமலே, "வாங்கோ அக்கா" என்றான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்ததில் ஒன்றைக்கூட அவன் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டான்.

"சாருக்குத் தெரியுமா?"

அதற்கு மட்டும் நான் தயாராக இல்லை. இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தால் வரவில்லை. தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்த கொஞ்ச நாளிலேயே என்றேன்.

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "தினமும் நான்தானேக்கா ஷேவ் பண்ணிவிட்டேன்" என்றான். "முகத்துக்கு நேரா முகத்தை வச்சுண்டு. என் கண்ணையே பாத்துண்டிருப்பார். ஒருநாள்கூட…"

ஒருநாள்கூட நீ அவனைத் தப்பாக நினைத்ததில்லை என்றேன். எத்தனை பேருக்கு எத்தனை ஆறுதல் சொன்ன வாய் இது.

"அதான்க்கா தாங்க முடியலை" என்றான்.

இருட்டத் தொடங்கியதும் சட்டைப் பையிலிருந்து ஷெட்டுச் சாவியை எடுத்து, ஆபீஸில் கொடுத்துவிடச் சொன்னான். "நீ வர மாட்டியா?" என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். நான் புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தபோதுதான் அதைச் சொன்னான்.

"மலருக்கு எழுதச் சொல்லியிருக்காளே, அதுல எழுதிடுங்கோ அக்கா. நம்ம பசங்க ஊர் ஊரா இன்னும் தூக்கிண்டுதான் இருக்கா. என் பேரைப் போட்டே எழுதுங்கோ."

எழுதிவிட்டேன், சவரி. உன் தலையில் கை வைத்துச் சொன்ன வாக்கு இதோடு போயிற்று. லால்குடியிலும் முசிறியிலும் இன்னும் எங்கெங்கோ விசில் ஊதிக்கொண்டிருக்கும் உன் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். தம்பிகளா, விழுந்தவனைத் தூக்காதீர்கள். அவனே கெஞ்சினாலும் தூக்காதீர்கள். படித்துவிட்டு அன்றைய சாயங்காலத்தை நினைத்து எத்தனை பேர் தூக்கம் இழப்பார்களோ, அது எனக்குத் தெரியாது. அவர்களையெல்லாம் தேற்ற என்னிடம் சொல் இல்லை. நீ இருந்திருந்தால் ஏதாவது கிண்டலாகச் சொல்லி ஒரு நொடியில் சிரிக்க வைத்திருப்பாய்.

சாவியை நான் ஆபீஸில் கொடுக்கவில்லை. ஜெபமாலைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பிரின்சிபாலிடம் போய்ப் பேசினேன். முதலில் யோசித்தார், அப்புறம் சரி என்றார். திங்கட்கிழமை டூட்டி முடிந்ததும் நானே போய் உன் ஷெட்டைத் திறக்கப்போகிறேன். எனக்குக் கம்பியைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்தவன் யாரையாவது கல்லூரியில் தேடிக்கொள்வார்கள். சௌந்தர் வருவானா? தெரியாது. வந்தால் உன் இடத்தில் நிற்பான். வராவிட்டால் அந்த இடம் சும்மா கிடக்கும். எப்படியானாலும் ஒன்றை உனக்கு வாக்காகத் தருகிறேன், இதையாவது காப்பாற்றுகிறேன். இனிமேல் உன் மணலில் விழுகிறவன், எழுந்திருக்கலாம் என்று நான் சொல்லும்வரை படுத்தே கிடப்பான். யாரும் கை தட்ட மாட்டார்கள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கு உன் பக்கத்தில் இல்லாமல் போன,
உன் அக்கா
பிலோமினா